எங்கள் வயிற்றுவாரில் அப்படி ஒன்றும் இல்லையாம்

என் ஆசை மச்சாள் விஜிக்கு,

நீ போய் ஒரு வருசமாகிறது. சந்தியில் உனக்குப் பதாகை கட்டியிருக்கிறார்கள். பச்சைச் சேலையில் நீ சிரிக்கிற படம். கீழே, 'குழந்தைகள் மேல் கொள்ளைப் பாசம் வைத்த குணவதி' என்று எழுதியிருக்கிறது. துயருறுவோர் பெயர்களில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? என் தாய்மாமனுடையது. கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் என்ற பதவியையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்.

கடையோரம் ஒதுங்கி நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். உன்னை அடங்காப்பிடாரி என்று எங்கள் முற்றத்தில் நின்று ஏசிய வாய்க்கு இந்தக் குணவதி எங்கிருந்து வந்தாள்? செத்தால்தான் ஒருத்தி நல்லவள் ஆவாளோ?

அவர்கள் ஊர் பார்க்க எழுதியிருக்கிறார்கள். நானும் ஊர் பார்க்கத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதையைத் திருப்பிச் சொல்கிறேன் என்று கோபிக்காதே. உன் சிரிப்புக்குக் கீழே நின்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

என் மகள் யதுஷா பிறந்து சில வாரங்களிலேயே எனக்கு மனம் சரியில்லை. பால் குடிக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்கள் எங்கேயோ அலைந்தன. கைபேசியில் எடுத்த படத்தில் கருமணி இரண்டும் வெளிறித் தெரிந்தன. அம்மாவிடம் காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்ததை விட, வாசலில் யாரும் நிற்கிறார்களா என்றுதான் அதிகம் பார்த்தா.

"மகள், ஆரிட்டயும் பறையாத. தங்கச்சிர காரியம் முடியட்டும், மறுகா காட்டுவம்" என்றா.

நம் பகுதியில் பிள்ளை தாயின் குடி, தாயின் குலம்தான். நல்லதும் கெட்டதும் தாயின் வயிற்று வழியாகத்தான் எண்ணப்படும். அந்தக் கிளைக்கு வயிற்றுவார் என்று பெயரும் வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்குக் குறை என்றால் தகப்பன் பக்கம் கையைத் தட்டிவிட்டுப் போய்விடும். தாயும் அவளுடைய சகோதரிகளும், அவர்களுக்கு இனிப் பிறக்கப் போகிறவர்களும் ஒரே சந்தேகத்துக்குள் விழுவார்கள். என் தங்கச்சி தர்சினிக்கு அப்போது கலியாணம் பேசியிருந்தது. ஆகவே என் பிள்ளையின் கண் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுமாம்.

பொறுத்தது. சீதன வீட்டுக்குக் கூரை போடவில்லை என்று கலியாணம் தள்ளிப்போனது. கூரைக்கு ஓடு வருமட்டும் என் பிள்ளை கட்டிலுக்கு மேல் கட்டிய நுளம்பு வலைக்குள் கிடந்தாள். யார் வந்தாலும் "புள்ள நித்திரை." மிட்வைஃப் அக்கா வந்தால் "தகப்பன்ட ஊருக்குப் போயிருக்கு." ஊசி போடக் கொண்டு போகும் நாளில் பால் கொடுத்துத் தூங்கவைத்து, முகத்தைத் தோளில் புதைத்துக் கொண்டு போனோம். நானும் சேர்ந்துதான் செய்தேன். இப்போது அந்த வலையை நினைத்தாலே என் கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

மற்றப் பிள்ளைகள் குப்புறப் பிரளும் வயதில் யது மல்லாந்தே கிடந்தாள். தலை நிற்கவில்லை. கிலுக்கட்டியைக் கையில் வைத்தால் பிடிப்பாள், முன்னால் நீட்டினால் எட்டமாட்டாள். கொழுத்த பிள்ளை, அதுதான் பிந்துகிறது என்றார்கள். தாய் தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டாள் என்றார்கள். கண்ணைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

துணிக்கடை வேலை முடிந்து ஸ்கூட்டியில் நீ வந்த அன்று வண்ணக்கர் மாமாவும் வீட்டில் இருந்தார். "நித்திரையெண்டாப் பரவாயில்ல, நானும் பக்கத்தில கிடக்கன்" என்று சிரித்துக்கொண்டே வலையைத் தூக்கினாய். பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாய். உன் சிரிப்பு நின்றுபோனது.

"என்ன கா இது? கண்ணுக்குள்ள சாம்பல் பூத்த மாதிரிக் கிடக்கு."

மாமா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பினார். "எங்கட வயித்துவாரில அப்படி ஒண்டும் இல்ல. நீ வேற குடி. உனக்கு இதுக்குள்ள கதையில்ல."

"குடி உங்கட எண்டாப் புள்ளர கண்ணும் உங்கடதானே மாமா? நீங்களே கொண்டு போய்க் காட்டுங்க. நான் ஸ்கூட்டியில பின்னால வாறன்" என்றாய். நீ உன் அண்ணன் பக்கம் திரும்பினாய். எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல் வாய் செத்த மனிதர் அவர். "அண்ணா, செருப்போட சேத்து நாக்கையும் வாசல்லயே கழட்டி வச்சிட்டா உள்ள வந்த நீ?"

ஸ்கூட்டியின் பின்னால் நான் பிள்ளையோடு ஏறியபோது அவர் என் பையைத் தூக்கித் தந்தார்.

டொக்டர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை. "ஏன் இவ்வளவு பிந்தினீங்க? பிறந்த உடனே வந்திருக்க வேணும்" என்றார். நீதான் சொன்னாய், "கலியாணம் பேசினவங்க சேர்."

"ஆருக்கு, இந்தப் பிள்ளைக்கா?"

அவர் பகிடி விடவில்லை, மச்சாள். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நம் ஊர் மானத்தை வெளியே கொண்டுபோய் ஒரு ஆளுக்கு விளங்கப்படுத்தினால் அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். பார்க்கப் பழகுவது மூளையாம், அது பழகுவது முதல் மாதங்களிலாம். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பிள்ளை எதை எட்டிப் பிடிக்கும், எதற்காகத் தலையைத் தூக்கும்? ஒப்பரேஷன் செய்தால் பார்வை வரும், முழுதாக வராது என்றார். தாய் வழியில் இனிப் பிறக்கும் பிள்ளைகளையும் பிறந்தவுடன் காட்டச் சொன்னார், சிலவேளை அது குடும்பத்தில் வருமாம். அதை நான் வீட்டில் சொன்னபோது ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

கொழும்பில் ஒப்பரேஷன் முடிந்து, தடித்த கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தோம். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்றவுடன் ஊர் திரண்டு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் செய்த வேலை ஒன்றுதான். பிள்ளையின் மூக்குக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார்கள். "தெரியுதா? இது தெரியுதா?" மீன் வெட்டிய விரல், வெற்றிலை போட்ட விரல், விபூதி பூசிய விரல். ஒருத்தி இமையை விரித்தே பார்த்தாள். சந்தையில் மீனின் செவுளைக் கிளப்பிப் பார்ப்பதுபோல. அவர்கள் போன பிறகு பிள்ளையின் முகத்தைத் துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துப்போனது.

தர்சினியின் கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை பகுதி பிள்ளையின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தார்கள். இதற்காகவா என் பிள்ளையை வலைக்குள் கிடத்தினோம்?

குடும்பப் படம் எடுக்கும்போது மாமா என் காதுக்குள், "ஒள்ளுப்பம் நேரத்துக்குக் கண்ணாடியைக் கழட்டிவிடு மகள், படத்துக்கு" என்றார். நான் பதில் சொல்லுமுன் அவரே கழற்றிவிட்டார். வெளிச்சமெல்லாம் கலங்கி, யது காற்றில் கைகளைத் துழாவிக்கொண்டு அழுதாள். நீ கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவர் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி அவளுக்குப் போட்டாய். அன்றைக்குத்தான் உனக்கு அடங்காப்பிடாரிப் பட்டம் கிடைத்தது.

சில மாதத்தில் உன்னை டெங்கு கொண்டு போனது. ஊரில் கொண்டு போக வேறு ஆட்களா இல்லை?

யது நடக்கிறாள், மச்சாள். நீ அதைக் காணவில்லை. பிந்தித்தான் நடந்தாள், இன்னும் படியில் தடுமாறுகிறாள். எதையும் மூக்கில் முட்டுமளவு கிட்டப் பிடித்துத்தான் பார்ப்பாள். சந்தியில் பதாகைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். உன் கன்னத்தில் மூக்கை உரசிக்கொண்டு, "விஜி மாமி" என்றாள். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. இவளை விட்டுவிட்டு எப்படிப் போனாய்?

இனி இந்த வாரத்துச் செய்தி. தர்சினிக்கு ஆண் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்கும் கழிந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து நான் கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று சொல்கிறேன். மாமா விடவில்லை. "கொண்டு போய்க் காட்டினா, எங்கட வயித்துவாரில இருக்கெண்டு நாமளே ஒப்புக்கொண்ட மாதிரி" என்கிறார். யது அவர் காலடியில் நிற்கும்போதே சொல்கிறார். தர்சினியின் வீட்டோடு போய்விட்ட அம்மாவும் தலையாட்டுகிறா. அதே நுளம்பு வலை திரும்பவும் ஏறிவிட்டது. எனக்கு அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவும் மனமில்லை.

இன்று மத்தியானம் தர்சினி தானாகவே கைபேசியில் அழைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். "அக்கா, இவன் லைட்டைத்தான் பாக்கான். என்ர முகத்தைப் பாக்கான் இல்ல. அம்மா பேசாமக் கிட எண்டுறா. எனக்குப் பயமாக் கிடக்கு. விஜி மச்சாள் இருந்தா வந்திருப்பா."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுட்டது. நான் கைபேசியை வைத்தபோது உன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். "காலையில வரச்சொல்லி ஓட்டோக்காரனுக்குச் சொல்லிட்டன். மாமா கேட்டா நான் கதைக்கன்" என்றார். நம்புவாயா, உன் அண்ணன்தான்.

அந்தச் சின்னவனுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைகள் சில நாள் பிந்தியும் முகம் பார்க்கும். ஒன்றும் இல்லை என்று வந்தால், பார்த்தாயா, வீணாகக் குடியின் பேரைக் கெடுத்தாய் என்று என்னை ஏசுவார்கள். இருக்கிறது என்று வந்தால், உன் பிள்ளையால்தான் தொடங்கியது என்பார்கள். எதைச் சொன்னாலும் காறித் துப்ப என் வாயில் எச்சில் இருக்கிறது.

உனக்கு வாக்குத் தருகிறேன், மச்சாள். விடிந்ததும் தர்சினியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, மாமாவின் வாசலால்தான் போவேன். பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடமாட்டேன். இனி இந்த வயிற்றுவாரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அதன் கண்ணை முதலில் பார்ப்பது டொக்டராகத்தான் இருக்கும். வேறு குடிக்காரி ஒருத்தி வந்து வலையைத் தூக்கட்டும் என்று இனி ஒரு பிள்ளையும் காத்துக்கிடக்காது.

உன் அண்ணன் பெண்சாதி,
யதுவின் அம்மா,
உன் மச்சாள் சாந்தி