ஐந்தாவது வீடு

மகள் கொறற்றி,

கடையில் பாண் வாங்க வரிசை நீளம், அதனால் வாங்கவில்லை. கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன், சம்பல் பக்கத்தில் இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு றமீஸாவிடம் கொடு.

ஐந்து வீட்டுக்கு ஒரு வீடாக எண்ணிப்போய்க் கேட்கவேண்டும் என்று உன் காலேஜ் கணக்கெடுப்புத் தாளில் போட்டிருக்கிறதே, நானும் பாலத்தடியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது நம்ம வீடு. நீ ஏன் அதைத் தாண்டி றமீஸா வீட்டுக்குப் போனாய்? நேற்றுக் கேட்டதற்கு, "ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதும்மா" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய்.

விளங்குகிறதா பார்ப்போமே என்று ஒரு தாளை எடுத்து நானே நிரப்பிவிட்டேன். கிணறு, கக்கூஸ், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், எல்லாம் உள்ளபடிதான். நல்ல கேள்விகள். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

ஒன்பதாவதை மட்டும் விட்டுவிட்டேன். 'மூன்று மாதத்துக்குள் யாருக்காவது சுகமில்லையா? யாரிடம் சொன்னார்?' எனக்குத்தான் வயிற்றில் வலி. யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. அதைக் காட்டத்தான் இரத்தோட்டையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

அம்மா

கேட்கிறவர்தான் பதிலை எழுதவேண்டும் என்று தாளின் அடியில் போட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். பரவாயில்லை, நான் எழுதினது பென்சிலால்தான், அழித்துவிடலாம். பின்னேரம் வந்துவிடுவேன். எதிரில் உட்கார்ந்து ஒன்றாம் கேள்வியிலிருந்து கேள்.