பூந்தியின் இடது மூக்கு

அன்புள்ள உங்களுக்கு,

நம் பூந்திக்கு மூக்கொழுகியது. நாய்க்கும் ஓசூர்ப் பனி ஆகாதுபோல என்று நினைத்து, குளியலறையில் வெந்நீர் ஆவியை நிறைத்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடே எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது.

ஒழுகுவது நிற்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

“ரெண்டு பக்கமும் ஒழுகுதாம்மா?”

“இடது பக்கம் மட்டும்தான் சார். தும்முனா ரத்தம் வருது.”

“அப்ப சளி இல்ல. உள்ள ஏதோ மாட்டியிருக்கு.”

மயக்க மருந்து கொடுத்து, இடுக்கியால் ஒரு புல்முள்ளை எடுத்தார்.

“மகாராணி புல்லுக்குள்ள யாரைத் தேடுனாங்க?”

சிரித்து மழுப்பினேன்.

நீங்கள் கோபித்துக்கொண்டு சாமல்பட்டியில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகும், ஜூஜுவாடியில் உங்கள் கம்பெனி பஸ் வரும் நேரம் அவளுக்குத் தெரிகிறது. பஸ் போனதும், நீங்கள் இறங்கும் இடத்துப் புல்லுக்குள் மூக்கை நுழைத்துத் தேடுகிறாள்.

இப்போது நன்றாக மூச்சு விடுகிறாள். கொஞ்ச நாள் புல் பக்கம் விடவேண்டாம் என்றார் மருத்துவர். அதனால் நேற்று அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். பனிக்குள் பஸ்ஸின் விளக்குகள் மிதந்து வந்தன, நின்றன, போய்விட்டன.

அங்கே புல் இன்னும் வெட்டவில்லை. இறங்கும்போது பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
நம் வீட்டிலிருந்து நான்