மாவு டப்பாவுக்குப் பின்னால்

பூனைவால் அவர்களுக்கு,

முகநூல் குழுவில் எல்லோரும் பார்க்க எழுதாமல் உங்களுக்கு மட்டும் தனியாக எழுதுகிறேன்.

ஒரு வருடமாக அங்கே என் அன்றாடப் பாட்டை எழுதுகிறேன். தையல் மிஷின் வாங்கியது, மகளுக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம். முகமும் சொந்தப் பெயரும் காட்டாமல் 'பூனைவால்' என்ற பெயரில் ஒளிந்திருந்த நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். பாவம், வாயில்லாப் பூச்சி என்று நினைத்தேன்.

நேற்று சமையலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் வெள்ளக்காடு. குழுவில் அலறினேன். "பிளம்பரைக் கூப்பிடுங்க அக்கா" என்றார்கள் எல்லோரும். நீங்கள் மட்டும் முதல்முறையாக வாய் திறந்தீர்கள்: "மாவு டப்பாவுக்குப் பின்னாடி ஒரு வால்வு இருக்கு. அதை மூடுங்க."

மூடினேன். தண்ணீர் நின்றது. உங்கள் குட்டும் உடைந்தது.

உங்கள் பதிலை மகளிடம் காட்டினேன். "அப்பாவுக்கு ஒளியக்கூடத் தெரியலையேம்மா!" என்று சிரித்தாள்.

குழாயை நானே மாற்றிவிட்டேன். அதற்காக யாரும் வர வேண்டாம். ஆனால் நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன கோபம் இன்னும் ஆறவில்லை. நேரில் திட்டினால்தான் ஆறும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இதற்கும் ஹார்ட் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். வந்து மணியை அடியுங்கள்.

மாவு டப்பா வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
குழாய் மாற்றத் தெரிந்தவள்