செத்த குச்சியில் ஒரு இலை

நம் பெரியவளின் அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஊரிலிருந்து கொண்டுவந்து, நான் சமைக்கும் வீட்டில் பழைய டப்பாவில் நட்ட கற்பூரவள்ளி குளிரில் கருகிவிட்டது. “அது செத்துடுச்சு பாட்டி, தூக்கிப் போடுங்க” என்றாள் முதலாளியம்மா. நான் போடவில்லை. தண்ணீரைக் குறைத்து, வெயில் விழும் அடுப்படி ஜன்னலில் வைத்தேன். நாற்பது நாள் வெறும் குச்சி. இன்று காலையில் அடியில் கடுகளவு இலை! தொட்டேன், விரலெல்லாம் நம் வீட்டு வாசம். இத்தனை நாள் அந்த உயிர் எங்கே ஒளிந்திருந்ததோ! பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

அங்கே நம் வீட்டில் இருக்கும் தாய்ச்செடிக்கு நிறைய ஊற்றாதீர்கள், வேர் அழுகும். எத்தனை கிளை விட்டிருக்கிறது என்று எழுதுங்கள்.

“செடியும் பிழைக்காது, நீயும் அங்க இருக்க மாட்டே” என்று நான் பஸ் ஏறும்போது சொன்னீர்களே, மறக்கவில்லை. செடி பிழைத்துவிட்டது. நானும் இருப்பேன் என்று எழுதத்தான் கை வரவில்லை.

குழம்பு கொதிக்கிறது, போகிறேன்.

உங்கள் பிடிவாதக்காரி