பழைய ரேக்கும் உன் இடது தோளும்

விருதுநகரில் பழைய சாமான் விற்கும் ஒரு கிடங்குக்கு இன்று காலை போயிருந்தேன். என் கோடவுனில் மூட்டை அடுக்க இன்னொரு வரிசை இரும்பு ரேக் போட வேண்டியிருக்கிறது. வாசலில் நுழைந்ததுமே ஈரம் காயாத பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ரேக் கால்கள் வெயிலில் புதுசு போல மினுங்கின. விற்பவர் விலை சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நாளைக்கு மேஸ்திரியோடு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு பாலவனத்தம் ரோட்டில் பயறு, மல்லி மூட்டைகளைப் பத்திரப்படுத்தும் கோடவுனை நான் ஆரம்பித்தபோது, சுமை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக நீ வந்தாய். ஆட்கள் முன்னாலும் என்னை ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவாய். ‘மொதலாளி’ என்றால் நீ கோபத்தில் இருக்கிறாய் என்று அர்த்தம்.

ஒரு வருஷம் தை மாதம் திருச்சுழிப் பக்கம் உளுந்து நன்றாக விளைந்திருந்தது. தரையில் அடுக்க இடமில்லை. மதுரையில் மூடிப்போன ஒரு கம்பெனியின் ரேக்குகள் புதுசின் பாதி விலைக்குக் கிடைத்தன. உன்னைக் கூட்டிப் போகாமல் நானே பார்த்து, நானே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

ரேக்கைப் பூட்டி நிறுத்திய அன்று நீ சாவியால் ஒரு காலின் அடிப்பக்கத்தைச் சுரண்டினாய். பெயின்ட் உரிந்த இடத்தில், சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தடம் தெரிந்தது. பிறகு நூலில் ஒரு நட்டைக் கட்டி உச்சியிலிருந்து தொங்கவிட்டாய். நூல் கீழே வரும்போது காலைவிட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது.

“ஏலே, இது வண்டி மோதி வளைஞ்ச காலு. நிமுத்திப் பெயின்ட் அடிச்சு வித்திருக்கான். குறுக்குச் சட்டம் வேற கம்பெனிது போல, கொக்கி முழுசா உக்காரல. கழலாம இருக்க மாட்டுற பின்னு ஒண்ணக்கூடக் காணோம். எம்புட்டுத் தாங்கும்னு எழுதுன தகடு எங்க?”

“அதெல்லாம் தாங்கும். நாளைக்கு லோடு வருது.”

“நாங்க ஏத்த மாட்டோம்.”

“நீ ஏத்தலைன்னா வேற ஆளக் கூட்டிட்டு வாரேன்.”

நீ நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டாய். “கூட்டிட்டு வாங்க மொதலாளி. அவுக வீட்லயும் பிள்ளைக இருக்கும். அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.”

நான் கேட்கவில்லை. மறுநாள் டவுனிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தேன். நீ உள்ளே வரவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை. எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

மதியத்துக்கு மேல், இரண்டு தட்டு நிறைந்து மூன்றாவதில் ஏற்றும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான் வாசலில் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக் கதவு என்றுதான் நினைத்தேன். உனக்கு அது கொக்கி தெறிக்கிற சத்தம் என்று தெரிந்திருக்கிறது. “வெளிய வாங்கப்பா! எல்லாரும் வெளிய வாங்க!” என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினாய். மூன்று பேர் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். நாலாவது ஆள் முதுகில் மூட்டையோடு அப்படியே நின்றான். நீ அவனைப் பிடித்துத் தள்ளினாய். அதே நொடியில் ரேக்கின் கால் முழங்கால் மடங்குவது போல மடங்கியது. சரிந்த மூட்டைகள் உன் இடது தோளில் விழுந்தன.

மதுரை ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் நீ கேட்டது, “அந்தாளுக்கு ஒண்ணுமில்லையே?”

உன் சிகிச்சை, கிழிந்த மூட்டைகள், மறுபடி வாங்கிய கால்கள் எல்லாவற்றின் செலவையும் பார்த்தால் புது ரேக்கே வாங்கியிருக்கலாம். இனிமேல் பழசே வேண்டாம் என்று நான் சொன்னபோது நீதான் மறுத்தாய். “பழசு வாங்காதன்னு எவன் சொன்னான்? பாத்து வாங்குன்னுதான சொன்னேன்.” கட்டு பிரித்த கையோடு பழைய சாமான் கடைக்கு என்னுடன் வந்தாய். ஒவ்வொரு காலையும் படுக்கப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தாய். துரு தின்றதையும் தட்டி நிமிர்த்தியதையும் தனியே ஒதுக்கினாய். எடை எழுதிய தகடு இல்லாததைத் தொடக்கூட இல்லை. “எவ்வளவு வேணாலும் தாங்கும்ணே” என்ற கடைக்காரரிடம், “அப்ப லோடு ஏத்தயில ஒரு நா வந்து கீழ படுத்துக்கிருங்க” என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

உன் இடது கை அதற்குப் பிறகு காதுக்கு மேலே உயரவே இல்லை. மூட்டை தூக்க முடியவில்லை. சட்டை போடக்கூட உன் வீட்டுக்காரம்மா துணைக்கு வர வேண்டியிருந்தது. அதை ஒரு நாளும் நீ எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. ஒருமுறை திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, “அன்னிக்கு நான்…” என்று ஆரம்பித்தேன். “பஸ்ஸு வருது, ஏறுலே” என்றாய். அந்தப் பேச்சை நான் முடிக்கவே இல்லை. அடுத்த மாதம் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

இப்போது முடிக்கிறேன். அன்று நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நூல் தள்ளி நின்றதை நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் வேறு ஆளைக் கூட்டி வந்தேன். என் கோடவுனில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். உன் பெயரைச் சொல்லி, என் தப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். ஏற்ற மாட்டேன் என்று அவர்கள் சொன்னால் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

போன மாதம், மல்லி லோடு வாசலில் நிற்கும்போது, புது மேஸ்திரி ஒரு ரேக்கைக் காட்டி, “இது சரியில்லண்ணே, ஏத்த மாட்டோம்” என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்னமும் வரத்தான் செய்கிறது. ஆனாலும் வெளியே போய், லாரி டிரைவரிடம் பொழுதானாலும் பரவாயில்லை, ரேக்கைச் சரி செய்யும்வரை காத்திருங்கள் என்று சொன்னேன்.