கதிர் சொல்ல வந்தது

வியாழன், இரவு.

இன்று மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பழைய நகைச்சுவைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். திக்கிப் பேசும் வேலைக்காரனை முதலாளி ஒரு வாக்கியம்கூடப் பேசி முடிக்க விடமாட்டார். சினிமா யாரைப் பார்த்து நம்மைச் சிரிக்க வைக்கிறது என்பதுதான் பாடம்.

பொன்மலையிலிருந்து வரும் கதிருக்கும் பேச்சு திக்கும். அவனே கை தூக்கி எழுந்தான்.

"சார், இதைப் பார்க்கிறப்ப எனக்கு க்... க்..."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

"கஷ்டமா இருக்கு, அதானே?" என்று நானே முடித்து வைத்தேன்.

"அது இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பிறகு வாசலில் நிறுத்திக் கேட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், போயிட்டு வரேன்" என்றான்.

ஸ்ரீரங்கம் வரும்வரை அதே யோசனை. கோபம் என்று சொல்ல வந்திருப்பான். இதோ, மறுபடியும் நானே முடிக்கிறேன்.