ராஜபாளையத்துக்கு வந்த கடல்

நவம்பர் 6, வெள்ளி

காலையிலிருந்து தூறல். தாளை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கருப்பாக்கி உருளையில் சுற்றினேன். விரலெல்லாம் கரி. பள்ளிக்கூடப் பின்னறையில் நானும் என் வீட்டுக்காரரும் செய்த நிலநடுக்கக் கருவி: மணல் நிரப்பிய டின், கம்பி, ஊசி, பழைய கடிகாரம். தரை அசைந்தால் ஊசி கரியில் கோடு கீறும்.

கோடு நேராக இல்லை. சின்னச் சின்ன அலை, ஓயாமல். நிலநடுக்கம் இல்லை. கடல் கொந்தளித்தால் தூரத்து நிலமும் மெல்ல அசையும் என்று கல்லூரியில் படித்தது. அதுதானோ?

தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “பக்கத்துப் பஞ்சு ஜின்னிங் மில் ஆட்டுதும்மா. இதுக்கு ஒரு அறையா? புதன்கிழமைக்குள்ள காலி பண்ணிருங்க. பெஞ்சு போடணும்.”

எரிச்சல். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தையல் ஊசி, புளி.

நவம்பர் 7, சனி

மழை விட்டது. மில் முதலாளி ராஜுவிடம் போய், செத்த நேரம் இஞ்சினை நிறுத்தக் கேட்டேன். மனிதருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “ஏமண்டி டீச்சரம்மா, நம்ம இஞ்சின் பூமியையே ஆட்டுதா!” அதற்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. தானே வந்து ஊசி முன் நின்றார். பக்கத்தில் தலைமை ஆசிரியர்.

இஞ்சின் நின்றது. ஊசி நிற்கவில்லை. அதே அலை, அதே நிதானம்.

முதலாளி முகம் சுருங்கிவிட்டது. “பின்ன எவன் ஆட்டுதான்?”

“கடலுங்க.”

சிரித்தார்கள். த.ஆ.: “கடல் எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்? காத்தா இருக்கும்மா. புதன்கிழமை, மறந்துராதீக.”

அவர்கள் போனதும் அழுதேன். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி.

நவம்பர் 8, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. மதியம் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தில் இலை அசையவில்லை, மில் லீவு. அலை மட்டும் நேற்றைவிடப் பெரிசு.

இவர் கேலி: “ஏட்டி, உன் கடல் எப்பம் வீட்டுக்கு வரும்? வலை வாங்கி வைக்கட்டா?” சொல்லிக்கொண்டே அறைக் கதவிடுக்கில் சாக்கு அடைத்தார், காற்று என்று எவரும் சொல்லிவிடக் கூடாதாம். நல்ல மனுஷன்.

நவம்பர் 10, செவ்வாய்

வெயில். பெஞ்சுகள் வராந்தாவில் வந்து இறங்கிவிட்டன. இரண்டாம் வகுப்புக்குக் கணக்கைத் தப்பாகப் போட்டேன்.

சாயங்காலம் த.ஆ. வந்தார். பெஞ்சுப் பேச்சே இல்லை. தூத்துக்குடிக் கருவாட்டு வியாபாரியோடு விலைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“எம்புட்டு வெலை சொல்லுதான்! கேட்டா, வெள்ளிக்கிழமையில இருந்து கடல் எழும்பிக் கெடக்காம். ஒரு வள்ளம் எறங்கலையாம்.”

சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்துப் பார்த்தார். அப்புறம் சனி. அப்புறம் ஞாயிறு. “நீங்க கரைக்கே போகலையேம்மா” என்றார், மெதுவாக.

பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? கரையில் நின்றவர்கள் கண்ட கடலை நான் இந்த மண் தரையில் கண்டேன்.

அறைச் சாவி இனி என்னிடமே இருக்கட்டும் என்றேன். கொடுத்தார்.